மெயில் எங்கே நின்றது?

1990களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மெயில் சேவையை ட்ரே ஹாரிஸ் என்பவர் கவனித்துவந்தார். ஒருநாள் புள்ளியியல் துறைத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து விநோதமான புகார் ஒன்றைச் சொன்னார். அவர்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மெயில் போக மறுக்கிறதாம். அதற்கு உட்பட்ட ஊர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லையாம்.

மெயிலுக்குத் தூரம் ஏது என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். ஹாரிஸ் சோதித்துப் பார்த்தார். 400 மைல் தள்ளியிருக்கும் பிரின்ஸ்டனுக்கு மெயில் போனது. 600 மைல் தள்ளியிருக்கும் மெம்ஃபிஸுக்குப் போகவில்லை. நியூயார்க், 420 மைல், போனது. பிராவிடன்ஸ், 580 மைல், போகவில்லை. வட கரோலினாவிலேயே குடியிருந்த நண்பர் ஒருவர், தொலைவிலிருந்த சியாட்டில் நகர நிறுவனத்தில் மெயில் கணக்கு வைத்திருந்தார். அவருக்கு அனுப்பியதும் போகவில்லை. ஆள் பக்கத்தில் இருந்து பயனில்லை, அவருடைய சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது உறுதியானது.

சில நாட்களுக்கு முன் வெளி ஆலோசகர் ஒருவர் வந்து அந்தத் துறையின் சர்வரைப் புதுப்பித்திருந்தார். மெயில் பக்கம் கையே வைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் புதுப்பிப்பு, சென்ட்மெயில் என்ற மென்பொருளின் 8ஆம் பதிப்பை நீக்கிவிட்டுப் பழைய 5ஆம் பதிப்பைப் போட்டுவிட்டது. அமைப்புக் கோப்போ 8ஆம் பதிப்புக்காக எழுதப்பட்டது. அதன் பல வரிகள் பழைய மென்பொருளுக்குப் புரியவில்லை. எதிர்முனை சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்றால் நடைமுறையில் 3 மில்லி விநாடிக்குச் சற்றுமேல். ஒளி 3 மில்லி விநாடியில் கடக்கும் தூரம் சுமார் 900 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 559 மைல்.

சில விவரங்களை மாற்றியும் சுருக்கியும் சொல்வதாக 2002இல் இதை எழுதியபோதே ஹாரிஸ் குறிப்பிட்டார். போக, வர என இரண்டு வழி நேரத்தையும் சேர்த்தால் கணக்கு இடிக்கிறதே என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அவர் துப்புத் துலக்கிய முறையில் குறை இல்லை. புகாரை அப்படியே எடுத்துக்கொண்டார், எது போகிறது எது போகவில்லை என்று பிரித்தார், கடைசியாக என்ன மாறியது என்று கேட்டார். பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகத்துக்கும் இந்த முறைதான் சரி. அங்கே வழக்கமாக நடப்பது வேறு.

"அண்ணா, நெட் இருக்கு. மெயில் மட்டும் போகல."

"ரூட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

"பண்ணிட்டேன். இப்ப நெட்டும் இல்ல."

அடுத்து பாஸ்வேர்டு மாற்றப்படும். ஆன்டிவைரஸ் நீக்கப்படும். அவுட்லுக்கை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். சாயங்காலத்துக்குள் நான்கு மாற்றங்கள் நடந்திருக்கும். முதலில் எது பழுதாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

வழியில் நான்கு கட்டங்கள்

"மெயில் போகவில்லை" என்ற ஒரே வாக்கியம் நான்கு வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கலாம். முதல் கட்டம், கணினியிலிருந்து உங்கள் மெயில் சேவை வரை. இதற்கு 587 அல்லது 465 என்ற எண்ணுள்ள போர்ட் பயன்படுகிறது. இரண்டாம் கட்டத்தில், பெறுபவரின் டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று உங்கள் சேவை டிஎன்எஸ் என்ற முகவரிப் பதிவேட்டில் தேடுகிறது. அதைச் சொல்லும் வரிக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு என்று பெயர். மூன்றாம் கட்டத்தில் சர்வரும் சர்வரும் 25ஆம் போர்ட் வழியே பேசிக்கொள்கின்றன. நான்காவது, மெயிலை ஏற்றுக்கொண்ட சர்வர் அதை இன்பாக்ஸில் போடுவதா, ஸ்பாமில் தள்ளுவதா என்று முடிவுசெய்யும் இடம்.

எந்தக் கட்டம் என்று பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பிரவுசர் வழியாக அதே மெயில் கணக்கைத் திறந்து அதே ஆளுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் கோளாறு அலுவலக நெட்வொர்க்கிலோ அந்தக் கணினியிலோ இருக்கிறது. அதுவும் போகாவிட்டால் ரூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. மெயில் சேவை, டொமைன், எதிர்முனை ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

டொமைன் என்றதும் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் பயனர்கள் பலரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் டொமைனின் புதுப்பிப்புக் கட்டணமான 35 டாலரை மைக்ரோசாஃப்ட் கட்டத் தவறியிருந்தது. மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கிரெடிட் கார்டிலிருந்து அந்தத் தொகையைக் கட்டிச் சேவையை மீட்டார். மைக்ரோசாஃப்டுக்கே இது நடந்தது. டொமைனை வாங்கிக் கொடுத்த வெப் டிசைனர் பையன் வெளியூர் போய்விட்ட அலுவலகத்தில் நடக்காமல் இருக்குமா?

திரும்பி வந்த மெயில் என்ன சொல்கிறது?

பவுன்ஸ் ஆகி வரும் மெயிலைப் பலர் முழுதாகப் படிப்பதில்லை. ஆங்கிலத்தில் நீளமாக, பயமுறுத்தும் தோரணையில் இருப்பதால் அழித்துவிடுகிறார்கள். உண்மையில் பழுதின் பெயர் அதில்தான் இருக்கிறது. அதிலுள்ள மூன்று இலக்க எண்ணைத் தேடினால் போதும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் சர்வரே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் இறுதியான மறுப்பு. எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான்.

கூடவே புள்ளி வைத்த இன்னொரு எண்ணும் இருக்கும். 5.1.1 என்றால் அப்படியொரு முகவரி இல்லை. பெரும்பாலும் எழுத்துப்பிழை, அல்லது அந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருப்பார். 5.2.2 என்றால் அவருடைய மெயில்பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 என்றால் மெயிலின் அளவு அதிகம். 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்புக் காரணமாகத் தடுத்திருக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு பலரை ஏமாற்றுகிறது. மெயிலில் இணைக்கும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. அதனால் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகிறது. டிஸ்க்கில் 20 எம்பி காட்டும் கோப்பு மெயிலில் ஏறும்போது சுமார் 27 எம்பி ஆகும். எல்லை 25 எம்பி என்று வைத்திருக்கும் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அச்சகத்துக்கு டிசைன் கோப்பை அனுப்புபவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

4இல் தொடங்கும் தடைகளில் அவசரம் கூடாது. முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் முதல் மெயிலை வேண்டுமென்றே "பிறகு வா" என்று சில சர்வர்கள் திருப்பிவிடும். முறையான சர்வர் திரும்ப வரும், ஸ்பாம் அனுப்பும் நிரல்கள் பல வராது என்பதே அதன் நியாயம். மெயில் பரிமாற்ற விதிமுறை, கைவிடுவதற்கு முன் 4, 5 நாட்களாவது முயலச் சொல்கிறது. ஒரே நாளில் கைவிடும் சேவைகளும் உண்டு. ஆகவே காலையில் அனுப்பிய டெண்டர் மெயில் இரவுவரை போகாமல் வரிசையில் நிற்பதும், பவுன்ஸ் மறுநாள் வருவதும் நடக்கக்கூடியவைதான்.

மெயில் தாமதமாக வந்து சேர்ந்தால், எங்கே தங்கியது என்பதை அதன் முழுத் தலைப்பு வரிகளில் பார்க்கலாம். தபாலில் ஒவ்வோர் அஞ்சலகமும் முத்திரை குத்துவதைப்போல, கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் அதில் நேரத்தைப் பதிந்திருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே மூன்று மணி நேர இடைவெளி இருந்தால், மெயில் அங்கேதான் காத்திருந்தது.

வெப்சைட் மெயில் மட்டும் காணோம்

பவுன்ஸே வராமல் மெயில் மறையும் கோளாறு ஒன்று உண்டு. சிறிய நிறுவனங்களில் இது சகஜம். வெப்சைட்டும் மெயிலும் முதலில் ஒரே ஹோஸ்டிங்கில் இருக்கின்றன. பிறகு மெயிலை மட்டும் கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாற்றுகிறார்கள். வெளியாட்கள் அனுப்பும் மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. வெப்சைட்டிலுள்ள விசாரணைப் படிவத்தை வாடிக்கையாளர் நிரப்பினால் வரும் மெயில் மட்டும் வருவதில்லை.

காரணம் பழைய ஹோஸ்டிங் சர்வர். இந்த டொமைனின் மெயில் தன்னிடமே இருப்பதாக அது இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதனால் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தேடிப் போகாமல், தன்னிடமுள்ள பழைய மெயில்பெட்டியிலேயே கடிதத்தைப் போட்டுக்கொள்கிறது. ஹோஸ்டிங்கின் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் "ஈமெயில் ரூட்டிங்" என்ற இடத்தில் லோக்கல் என்பதை ரிமோட் என்று மாற்றினால் சரியாகிவிடும். பழைய பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மாதக்கணக்கில் பதில் கிடைக்காத விசாரணைகள் அங்கே குவிந்து கிடக்கலாம்.

அனுப்பியது நீங்கள்தானா?

மெயில் முறையின் அடிப்படை விதிகள் 1982இல் வகுக்கப்பட்டவை. அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் என்ற ஓட்டை அப்போதிருந்தே உண்டு. அதை அடைக்கத்தான் மூன்று சோதனைகள் பின்னாளில் வந்தன. எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை என்று டிஎன்எஸ்ஸில் ஒரு வரியாக அறிவிப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் மின்னணுக் கையெழுத்து இடுவது டிகிம். இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இந்தச் சோதனைகளைக் கண்டிப்பாக்கியது. ஜிமெயில் முகவரிகளுக்கு மெயில் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே வேண்டும். யாஹூவும் அதே நேரத்தில் இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. அதுவரை குறையில்லாமல் போய்க்கொண்டிருந்த பில்லும் கொட்டேஷனும் பவுன்ஸ் ஆகத் தொடங்கியது எத்தனையோ அலுவலகங்களுக்குப் புதிராக இருந்தது.

எஸ்பிஎஃப்பில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. மெயில் சேவைக்கு ஒரு வரி ஏற்கனவே இருக்கும். பில்லிங் மென்பொருள் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லும். அதை இரண்டாவது ரெக்கார்டாகப் போட்டுவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. புதியதைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டாலும் சோதனை தோற்றுவிடும்.

ஸ்கேனர் புகாரும் இதே இனம்தான். ஜெராக்ஸ், பிரின்டர், ஸ்கேனர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இயந்திரத்தில் ஸ்கேன் செய்ததும் மெயிலில் வந்துகொண்டிருந்தது, திடீரென நின்றுபோனது. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து வெளி நிரல்கள் ஜிமெயிலுக்குள் நுழையும் வசதியை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, இயந்திரத்துக்கென்று தனி ஆப் பாஸ்வேர்டு எடுத்துக் கொடுத்தால் பழைய இயந்திரமும் வேலை செய்யும். புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

அலுவலகத்துக்குள் இரண்டு ரூட்டர்

கைபேசிச் சோதனையில் மெயில் போய்விட்டால் கண்ணை உள்ளே திருப்ப வேண்டும். பழுதான கணினியின் ஐபி முகவரியைப் பார்ப்பது முதல் வேலை. 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிள், சுவிட்ச், ரூட்டர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

சில கணினிகளில் இணையம் இருக்கும், சிலவற்றில் இருக்காது என்றால் இரண்டாவது ரூட்டர்மேல் சந்தேகப்படலாம். உள்ளறையில் வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிவந்த புது ரூட்டரை யாரோ சுவிட்ச்சில் செருகியிருப்பார்கள். அதுவும் எல்லோருக்கும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். வெளியே போகும் வாசல் நான்தான் என்றும் சொல்லும். அதன் பின்னால் இணையம் கிடையாது. அதனிடம் முகவரி வாங்கிய கணினிகள் திணறும், பழைய ரூட்டரிடம் வாங்கியவை ஓடும். ஒவ்வொரு கணினியிலும் அந்த வாசலைக் குறிக்கும் டீஃபால்ட் கேட்வே எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். புது ரூட்டரில், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, அதன் சொந்த எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

அலுவலகமும் வீடும் ஒரே எண் வரிசையில் இருப்பது இன்னொரு தலைவலி. வீட்டு ரூட்டரும் 192.168.1 வரிசை, அலுவலகமும் அதே வரிசை என்றால், வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கும் விபிஎன் இணைந்த பிறகும் அலுவலக சர்வரைத் திறக்க முடியாது. அந்த எண்ணை வீட்டுக்குள்ளேயே கணினி தேடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலேயே அலுவலகத்துக்கு அதிகம் புழங்காத ஓர் எண் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வராது.

வெளியே வழி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பழைய கருவிகள் போதும். அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங் ஒன்று. நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் ஒலியிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. முதலில் ரூட்டரை, பிறகு வெளியிலுள்ள ஓர் ஐபி எண்ணை, கடைசியாக ஒரு வெப்சைட் பெயரை பிங் செய்ய வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ் கோளாறு. இன்னொன்று டிரேஸ்ரூட். வழியிலுள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும். நடுவில் ஒரு வரி வெறும் நட்சத்திரங்களாக இருந்தால் பதற வேண்டாம். அடுத்த வரிகளில் பதில் வந்தால், அந்த ரூட்டர் நம்மோடு பேச விரும்பவில்லை என்று மட்டுமே பொருள்.

சின்ன மெயில் போகும், பெரியது நிற்கும்

நெட்வொர்க் கோளாறுகளில் ஆளைச் சுற்றவிடுவது இதுதான். இரண்டு வரி மெயில் உடனே போகிறது. படம் இணைத்தால் பாதியில் நின்று, கடைசியில் பிழை காட்டுகிறது. கோப்பின் அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது. பிங் செய்தால் பதில் வருகிறது.

இணையத்தில் எல்லாமே சிறு பொட்டலங்களாகத்தான் போகின்றன. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறையில் 8 பைட் அதன் சொந்த வேலைக்குப் போய்விடுவதால் 1,492தான் மிஞ்சும். பெரிய பொட்டலம் வந்தால், அளவைக் குறைத்து அனுப்பு என்று வழியிலுள்ள ரூட்டர் தகவல் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து அந்தத் தகவலையும் எங்கோ ஒரு ஃபயர்வால் தடுத்திருந்தால், பெரிய பொட்டலங்கள் சத்தமின்றி மறையும். சிறியவை தப்பிவிடும்.

துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1,472 பைட் சுமையுள்ள பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். அது போகாமல் 1,464 போனால் விஷயம் இதுதான். ரூட்டரில் எம்டியு என்ற அந்த உச்ச அளவை 1,492 ஆக்கினால் தீரும்.

இரண்டு இணைய இணைப்பு வைத்துக்கொண்டு, மெயில் சர்வரையும் அலுவலகத்திலேயே நடத்துபவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. முதல் இணைப்பு துண்டானதும் ரூட்டர் தானாக இரண்டாவதுக்கு மாறும். மெயிலும் அந்த வழியே புதிய ஐபி எண்ணில் வெளியேறும். எஸ்பிஎஃப் ரெக்கார்டில் அந்த எண் இல்லை. வீட்டு இணைப்புகளுக்கான எண்களை நேரடி மெயிலுக்கு ஏற்க வேண்டாம் என்று ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பட்டியலிட்டிருக்கின்றன. அதிலும் அது சிக்கலாம். காலையில் போன மெயில் மதியம் பவுன்ஸ் ஆவதும், மாலையில் மறுபடி போவதும் இதனால்தான்.

ஊரே நின்ற நாட்கள்

சில நேரம் பழுது நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபுக்கு வழி தன்னிடம் இருப்பதாக உலகத்துக்கே தவறுதலாக அறிவித்துவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் திறக்கவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறால் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. ஊழியர்கள் பழுது பார்க்கப் பயன்படுத்தும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் சேர்ந்து படுத்துவிட்டன. இப்படிப்பட்ட நாளில் அலுவலக ரூட்டரை நோண்டுவதைவிட, வேறு நிறுவனத்தின் இணைப்பில் இருப்பவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதே மேல்.

ஒரே ஒருவரின் மெயில் மட்டும் வரவில்லையா?

எல்லோர் மெயிலும் வருகிறது, பணம் தர வேண்டிய ஒரு வாடிக்கையாளரின் மெயில் மட்டும் சில நாட்களாக இல்லை என்றால் எச்சரிக்கை வேண்டும். பாஸ்வேர்டைத் திருடி மெயில் கணக்குக்குள் நுழைபவர்கள், குறிப்பிட்ட ஆளின் மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் விதியை ரகசியமாக எழுதிவைப்பதுண்டு. பிறகு ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி டொமைனிலிருந்து, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வாடிக்கையாளருக்கு எழுதுவார்கள். மெயில் அமைப்பில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து, நீங்கள் எழுதாத விதி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால், ஏற்கனவே தெரிந்த எண்ணில் போன் செய்து கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

எந்தக் கோளாறானாலும், டெக்னீஷியனை அழைக்குமுன் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு அனுப்பியது, யாரிடமிருந்து யாருக்கு, பவுன்ஸ் மெயிலின் முழு வாசகம், மொபைல் டேட்டாவில் போகிறதா, கடந்த ஒரு வாரத்தில் என்ன மாறியது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். டொமைன் யார் பெயரில், எந்த நிறுவனத்தில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது, இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், ரூட்டரின் பாஸ்வேர்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். மெயிலில் மட்டும் சேமித்து வைத்தால், மெயில் நின்ற நாளில் அது உதவாது.